மண்ணில் ஒரு சுற்று ஓட்டவிடுங்கள்

தமிழ்நாட்டின் சைக்கிள் கடைக்காரர்களுக்கு,



மலையில் ஓட்டுவதற்கென்று சைக்கிள் கேட்டு உங்களிடம் வருகிறவர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். நான் கோயம்புத்தூர்க்காரி. விடுமுறை கிடைத்தால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் சைக்கிள் மிதிப்பவள். உங்களிடம் கேட்க வந்தது இதுதான். அந்த வண்டியை விற்பதற்கு முன்னால், வாங்க வந்தவரை மண்ணில் ஒரு சுற்று ஓட்டவிடுங்கள். அதற்கும் முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி, வண்டியை அவர் உடம்புக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுங்கள்.

ஏறி மிதித்த முதல் தடவையே ‘இதுதான் என் வண்டி’ என்று ஒருவருக்குத் தோன்றிவிடுவதை அதிர்ஷ்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதில் பெரும்பங்கு உங்கள் அலன் கீயிலும் காற்றுப் பம்பிலும் இருக்கிறது என்பது என் எண்ணம். அப்படி எண்ணக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில், இப்போது கடைகளில் நடப்பது. வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு முன்னால் பேச்சு தொடங்குகிறது. எத்தனை கியர், டிஸ்க் பிரேக் உண்டா, சஸ்பென்ஷன் முன்னால் மட்டுமா, டபுளா, என்ன கலர் இருக்கிறது. விற்பவர் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் அழுத்திக் காட்டுவார். ஃபோர்க் உள்ளே போய் வெளியே வரும். வந்தவர் முகம் மலரும். “கால் எட்டுதுங்களா?” என்று கேட்டு, இரண்டு பாதமும் தரையில் படும் அளவுக்கு சீட்டை இறக்கிவிடுவார். கடை வாசலில் தார்ச்சாலையில் ஒரு வட்டம். பிறகு பில். வாங்குபவருடைய உயரம் என்ன, எடை என்ன, எங்கே ஓட்டப் போகிறார் என்ற மூன்றையும் பல இடங்களில் யாரும் கேட்பதே இல்லை.

அப்படி வாங்கிய வண்டி சில மாதங்களில் என்ன ஆகிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். முட்டி வலிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது, இறக்கத்தைக் கண்டால் பயம் வருகிறது. ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று முடிவுகட்டி, அபார்ட்மென்ட் படிக்கட்டுக்குக் கீழே தள்ளி வைத்துவிடுகிறார்கள். வண்டி பொருந்தாததற்குத் தன் உடம்பையும் தைரியத்தையும் குறைசொல்லிக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொருந்திய வண்டி என்ன செய்யும் என்பதை நான் கோத்தகிரியில் தெரிந்துகொண்டேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். கிட்டத்தட்ட என் உயரம், ஐந்தடி மூன்றங்குலம். அவனிடம் ஒரு ஹார்ட்டெயில்: பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது, முன்னால் மட்டும் 130 மில்லிமீட்டர் அமுங்கும் காற்று ஃபோர்க், 29 அங்குலச் சக்கரம், அலுமினிய பிரேம். “ஓட்டிப் பாருங்கக்கா” என்றான். ஏறப் போனவளை, “கொஞ்சம் இருங்க, வெயிட்டு எவ்ளோ?” என்று கேட்டு நிறுத்தினான்.

அவன் அடுத்துச் செய்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மடலே அதற்காகத்தான். ஃபோர்க்கின் காற்றைக் கொஞ்சம் இறக்கினான். என்னைச் சுவரில் தோளைச் சாய்த்தபடி பெடல்மேல் ஏறி நிற்கச் சொன்னான். ஃபோர்க் காலில் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டு, நான் இறங்கியதும் அது எவ்வளவு தூரம் மேலே போயிருக்கிறது என்று பார்த்தான். ஓட்டுபவரின் எடைக்கே ஃபோர்க் தன் மொத்த அமுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ உள்ளே போயிருக்க வேண்டும். அதை ‘ஸாக்’ என்பார்கள். இன்னும் கொஞ்சம் காற்றை விட்டு மறுபடி பார்த்தான். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளும்படி சீட்டை வைத்தான். பிரேக் லிவர்களைச் சற்றுக் கீழே திருப்பி, என் குட்டை விரல்களுக்கு எட்டும்படி கைப்பிடிக்கு அருகே கொண்டுவந்தான். கடைசியாக இரண்டு டயரிலும் காற்றைக் குறைத்தான். “டியூப்லெஸ்தான், உங்க வெயிட்டுக்கு இருபது பி.எஸ்.ஐ. போதும்.” எல்லாம் சேர்ந்து ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகியிருக்காது.

தோட்டத்துக்குள் இறங்கும் பாதை அது. மழைத் தண்ணீர் நடுவில் வாய்க்கால் வெட்டியிருந்தது, இரு பக்கமும் உருளைக்கற்கள், முதல் வளைவிலேயே மண் இளகிக் கிடந்தது. அந்த வளைவை வேறு வண்டியில் பலமுறை இறங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான். அன்றைக்கு வளைவு முடிந்த பிறகுதான் அது முடிந்துவிட்டது என்பதே எனக்கு உறைத்தது. கண் போன இடத்துக்கு வண்டி போயிருந்தது. பிரேக்கில் ஒரு விரல் மட்டும். கல்மேல் ஏறும்போது முன்சக்கரம் பக்கவாட்டில் உதறவில்லை. செங்குத்தாக இறங்கும்போது, தலைகுப்புற விழுந்துவிடுவோமோ என்று இடுப்பைப் பின்னால் தள்ளித் தொங்கவேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நின்றபடியே இறங்கினேன். கீழே போய்ச் சேர்ந்ததும் திரும்ப மிதித்து மேலே ஏறினேன், மறுபடி இறங்கினேன். அந்தத் தம்பி டீக்கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவன் வண்டியை அன்று நான் திருப்பிக் கொடுக்கவே நேரமாகிவிட்டது.

(இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் காப்புக்காட்டுப் பாதைகள் நமக்குத் திறந்தவை அல்ல. யானையும் காட்டெருமையும் நடக்கிற இடங்கள் அவை. தோட்டப் பாதை என்றாலும் உரியவரிடம் கேட்டுவிட்டுப் போவதே முறை. மலைச்சைக்கிள் விற்கும்போது இந்த இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினால் பெரிய உபகாரம்.)

வீட்டுக்கு வந்ததும் அந்த வண்டியின் அளவுகளைத் தேடிப் பார்த்தேன். பெடல் சுழலும் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் மேல்முனை வரைக்கும் கிடைமட்டமாக அளந்தால் வருவது ‘ரீச்’. நின்றபடி ஓட்டும்போது நமக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். அந்த வண்டியில் 420 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது. என் உயரத்துக்குச் சரி. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ‘ஸ்டெம்’ 45 மில்லிமீட்டர்தான். ஹேண்டில்பார் 760. ஃபோர்க் சாயும் கோணமான ‘ஹெட் ஆங்கிள்’ 66 டிகிரியை ஒட்டி. 1990களின் மலைச்சைக்கிள்களில் அந்தக் கோணம் பெரும்பாலும் 71 டிகிரி, ஸ்டெம் 120 மில்லிமீட்டருக்கு மேல், ஹேண்டில்பார் 600க்கும் குறைவு. நீண்ட ஸ்டெம் உடம்பின் பாரத்தை முன்சக்கரத்தின் தலைமேல் கொண்டுபோய் வைக்கும், நிமிர்ந்த ஃபோர்க் அந்தச் சக்கரத்தைக் காலடிக்கே இழுத்துவைத்திருக்கும். இறக்கத்தில் கவிழும் பயம் அங்கிருந்து பிறக்கிறது. பிரேமை நீட்டி, ஸ்டெம்மைக் குறுக்கி, ஃபோர்க்கைச் சாய்த்ததும் முன்சக்கரம் எட்டிப் போய்விடுகிறது, ஓட்டுபவர் நடுவில் நிற்கிறார். நான் அன்று தைரியம் என்று நினைத்தது ஏறக்குறைய இந்த ஐந்து டிகிரிதான்.

இந்த இடத்தில் உங்களோடு ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டும். கடை வாசலில், தார்ச்சாலையில், மெதுவாக ஒரு வட்டம் அடித்தால் இந்த நல்ல வண்டி தோற்றுப்போகும். சாய்ந்த ஃபோர்க் உள்ள வண்டி மெதுவான வேகத்தில் கனமாகத் திரும்பும்; ஹேண்டில் ஒரு பக்கமாகச் சரியப் பார்க்கும். அதே வாசலில் 71 டிகிரி வண்டி துறுதுறுவென்று திரும்பும், வாங்க வந்தவருக்கு உடனே பிடித்துவிடும். பஞ்சு சீட்டு ஐந்து நிமிடத்துக்கு இதமாக இருக்கும். கல்லுபோல் காற்றடித்த டயர் தாரில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆக, நீங்கள் இப்போது கொடுக்கும் டெஸ்ட் ரைடு, மலைக்கு வேண்டாத குணங்களையெல்லாம் நல்ல குணங்களாகக் காட்டிவிடுகிறது. முதல் ஓட்டத்தின் உணர்வை நம்பலாம். அந்த ஓட்டம் சரியான தரையில் நடந்திருக்க வேண்டும். நான் மண், மண் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மலைச்சைக்கிள் பிறந்ததே அப்படிப்பட்ட ஓட்டங்களிலிருந்துதான். கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண்பாதை. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள் 400 மீட்டர் இறங்கும். 1976 அக்டோபர் 21 அன்று அங்கே சில நண்பர்கள் முதன்முதலாகப் போட்டி வைத்தார்கள். அவர்கள் ஓட்டியவை பழைய, பருத்த டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கினால் பின்சக்கர ஹப்பில் இருந்த கிரீஸ் முழுக்கப் புகைந்து போகும். திறந்து புதிதாக அடைக்க வேண்டும். அந்த வேலையின் பெயரே பாதைக்கும் ஆனது, ரீபேக்.

அந்தப் பழைய வண்டிகளில் எல்லாமே ஒன்றுபோல் இறங்கவில்லை. 1930களின் இறுதியில் வந்த ஷ்வின் எக்ஸெல்சியர் என்ற பிரேம்தான் மண்ணில் அடங்கி ஓடுகிறது என்று ஓட்டி ஓட்டியே கண்டுகொண்டார்கள். செய்தித்தாள் போடும் பையன்கள் ஓட்டிய ரகம் அது. மலைக்காக யாரும் அதை வடிவமைக்கவில்லை. 1977இல் ஜோ பிரீஸ் என்ற இளைஞர், மலைக்கென்றே புதிதாக ஒரு சைக்கிள் பிரேம் கட்ட உட்கார்ந்தபோது அந்த எக்ஸெல்சியரின் கோணங்களைத்தான் எடுத்துக்கொண்டார். தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுப்போமே, அதேபோல அந்தப் பழைய ஷ்வின் அவருக்கு அளவு வண்டி. அந்த முதல் பிரீஸர் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிறகு என்ன நடந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அந்த ரீபேக் நண்பர்களில் இருவரான கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் டாம் ரிச்சி கட்டிய பிரேம்களை விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தது. பெருமளவில் தயாரான முதல் மலைச்சைக்கிள்களில் அது பேர்பெற்றது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இந்த விளையாட்டு சேர்ந்துவிட்டது. இடையில் பந்தயச் சாலைச் சைக்கிளின் நிமிர்ந்த கோணங்கள் மலைச்சைக்கிளுக்குள் நுழைந்தன. நீளமான பிரேமும் குட்டையான ஸ்டெம்மும் சாய்ந்த ஃபோர்க்கும் எங்கும் பரவ இன்னும் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று. ரீபேக்கில் ஓட்டியவர்களின் உடம்புக்கு முதலிலேயே தெரிந்தது, தொழிற்சாலைகளுக்கு வந்து சேர அவ்வளவு காலம் பிடித்தது.

நம் ஊர்க் கதை வேறு. நாம் சைக்கிள் கற்றதே பொருந்தாத வண்டியில். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில், பாருக்குள் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துத்தான் அப்பாக்களும் சித்தப்பாக்களும் ஓட்டப் பழகினார்கள். வண்டி எப்படி இருந்தாலும் ஆள் வளைந்து கொடுக்க வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து வருகிறது. அந்தச் சைக்கிள்களைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பால் கேனும் நெல் மூட்டையும் சுமந்து குடும்பங்களை நிமிர்த்தியவை அவை. சமதளச் சாலையில் ஒரே அளவு வண்டி எல்லாருக்கும் ஒரு மாதிரி ஓடிவிடும். கற்கள் உருளும் இறக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் கையெலும்பை முறித்துவிடும்.

எங்களைப் போன்றவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: பெண்கள், குட்டையானவர்கள், எடை குறைந்தவர்கள். மலைச்சைக்கிள் கேட்ட என்னை ஒரு கடையில் கூடை வைத்த லேடீஸ் மாடல் பக்கம் கூட்டிப்போனார்கள். நான் மறுத்ததும், “மேடம், இதெல்லாம் ஜென்ட்ஸ் ஓட்டறதுங்க” என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டுத் திரும்பிப்போன பெண்கள் எத்தனை பேரோ. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். லேடீஸ் சைக்கிள் போதாதபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்து ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. எது தனக்கு ஆகும் என்று ஓட்டுகிறவள் ஓட்டிப் பார்த்துச் சொன்னாள். மலைச்சைக்கிள் உலகிலும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைவிட ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடே பெரிது என்று சொல்லி, பெண்களுக்கென்று தனி பிரேம் வடிவம் செய்வதை ஸ்பெஷலைஸ்டு போன்ற நிறுவனமே கைவிட்டது.

எடை குறைந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல், அந்த ஃபோர்க். குறைந்த விலை வண்டிகளில் உள்ளே இருப்பது இரும்புச் சுருள். காற்று ஃபோர்க்கைப் போல எடைக்கு ஏற்ப அதை மாற்ற வழியில்லை. கடையில் கையால் ஓங்கி அழுத்தினால் அமுங்குவது, ஐம்பது கிலோ ஆள் ஓட்டும்போது அசைவதே அரிது. அமுங்காத சஸ்பென்ஷன் வெறும் பாரம். டபுள் என்றால் இரண்டு மடங்கு பாரம். அதே விலைக்கு, சஸ்பென்ஷனே இல்லாத நேர் ஃபோர்க்கும் இரண்டேகால் அங்குல அகல டயரும் உள்ள வண்டியைத்தான் நான் பரிந்துரைப்பேன். டயருக்குள் இருக்கும் காற்றைப் போன்ற மலிவான சஸ்பென்ஷன் வேறு கிடையாது. டியூப் உள்ள டயர் என்றால் மண்ணுக்கு முப்பது பி.எஸ்.ஐ.யை ஒட்டி வைத்துப் பாருங்கள், எடை கூடியவருக்குக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஐம்பது அறுபது என்று அடித்து அனுப்பாதீர்கள். ‘சஸ்பென்ஷன் இல்லாத வண்டியை யார் வாங்குவார்?’ என்பீர்கள். மண்ணில் ஓட்டவிட்டால் வாங்குவார்கள்.

உங்கள் சங்கடங்கள் எனக்குப் புரிகின்றன. கடை டவுனுக்கு நடுவில் இருக்கிறது, மண்ணுக்கு எங்கே போவது? டயரில் சேறு பட்ட வண்டியைப் புதுசு என்று அடுத்தவருக்கு எப்படி விற்பது? விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு? கடன் வாங்கிச் சரக்கு இறக்கியிருப்பவருக்கு இவை சின்னக் கேள்விகள் கிடையாது. அதனால்தான் எல்லா வண்டியையும் மண்ணில் இறக்கச் சொல்லவில்லை. நன்றாக விற்கும் ஒரே ஒரு மாடலில் சிறியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, பெரியது ஒன்று என்று ஓட்டிப்பார்க்க மட்டும் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் வாங்குங்கள், வண்டி வாங்கினால் பில்லில் கழித்துவிடுங்கள். ஹெல்மெட் கொடுங்கள், கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் அந்த மூன்றையும் பழைய விலைக்கு விற்றால் வாங்க ஆள் காத்திருப்பார்கள். விலை இவ்வளவு இருக்கிற பொருளைச் சோதிக்கக் கட்டணம் கொடுக்க யாரும் தயங்கமாட்டார்கள், நான் கொடுப்பேன்.

மண்ணுக்கும் பஞ்சமில்லை. எங்கள் ஊரில் குளத்துக்கரைகள் இருக்கின்றன, சேலத்துக்கும் மதுரைக்கும் பக்கத்திலேயே குன்றுகள் இருக்கின்றன, சென்னையில்கூட வெளியே போனால் செம்மண் மேடுகள் கிடைக்கும். முந்நூறு மீட்டர் போதும்: ஒரு சின்ன ஏற்றம், ஒரு இறக்கம், இளகிய மண்ணில் ஒரு திருப்பம், கொஞ்சம் கற்கள். அங்கே ஓட்டிவிட்டு வருகிறவர் முகத்தைப் பாருங்கள். ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கியதா, திருப்பத்தில் பயமாக இருந்ததா, கை நீண்டு கிடந்ததா என்று கேளுங்கள். பிரேம் பெரிது என்றால் சின்னதைக் கொடுங்கள். இருப்பில் சின்னது இல்லை என்றால், தயவுசெய்து, இல்லை என்றே சொல்லிவிடுங்கள். ஸ்டெம்மை மாற்றிப் பெரிய பிரேமைத் தலையில் கட்டாதீர்கள்.

சீட்டு விஷயத்திலும் ஒரு வேண்டுகோள். கால் தரையில் எட்ட வேண்டும் என்று கேட்பவரிடம், ஏறும்போது சீட்டு உயரத்தில் இருக்க வேண்டும், இறங்கும்போது தாழ்வில் இருக்க வேண்டும் என்று விளக்குங்கள். பட்டனை அழுத்தினால் இறங்கும் டிராப்பர் போஸ்ட்டின் விலை எல்லாருக்கும் கட்டாது. சீட்டுக் குழாயில் கையால் திறக்கும் லிவர் போட்டுக் கொடுத்தாலே வேலை பாதி முடிந்தது. அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

கோவைக் கடைக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு அழைப்பு. உங்களில் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வண்டியும் ஒரு ஷாக் பம்பும் எடுத்துக்கொண்டு குளத்துக்கரைக்கு வருவதாக இருந்தால், நானும் என் தோழிகளும் வருகிறோம். எங்கள் வண்டிகளையும் கொண்டுவருவோம், யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். சின்ன பிரேம் ஒன்று கட்டாயம் கொண்டுவாருங்கள். எங்கள் தெருவில் பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பெண் மலைச்சைக்கிள் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். ஐந்தடிதான் இருப்பாள். அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி